நட்சத்திரங்களுக்கும் தேய்மானம் உண்டு!



"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது" என்று நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான், சும்மா இருக்காது. ஆனால் அந்தக் கால் தளர்ந்த பிறகும் பழைய கூலியையே கொடுப்பதாக ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகும்? நஷ்டம் யார் தலையில் விழும்? ஆடினவர் தலையிலா, கூலி கொடுத்தவர் தலையிலா?

2025 ஐ.பி.எல். முடிந்தபோது நம்ம ஹாஸ்டலில் வாய்ச்சண்டை நடக்காத ரூமே கிடையாது. சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயித்து, தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. "தல போகணும்" என்று ஒரு கட்சி, "தல இல்லாட்டி டீமே இல்லை" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கத்தினதே தவிர யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே!

மெஷினும் மனுஷனும்

மேனேஜ்மென்ட் பேப்பரில் தேய்மானம் படித்திருக்கிறோம். ஒரு லேத் 5 லட்சம் ரூபாய், ஆயுள் 10 வருஷம், கடைசியில் பழைய இரும்பு விலை 50 ஆயிரம். அப்படியானால் வருஷத்துக்கு 45 ஆயிரம் தேய்மானம். நேர்கோட்டு முறை. பரீட்சைக்கு இது போதும். ஆனால் ஒர்க் ஷாப்பில் நிற்கும் லேத் நேர்கோட்டில் தேய்வதில்லை. பல வருஷம் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒருநாள் பேரிங் சத்தம் போடும், பெட் தேய்ந்து அளவு தப்பும். அதற்குப்பின் மளமளவென்று இறங்கும்.

விளையாட்டு வீரனின் உடம்பும் அப்படித்தான். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகப்பந்து என்றால் வினாடிக்கு 40 மீட்டர். பந்து கையை விட்டு பேட்டுக்கு வர ஏறக்குறைய 18 மீட்டர். காற்றுத்தடை, தரையில் பட்டு வேகம் குறைவது இதையெல்லாம் விட்டுவிடுவோம். ஆக 0.45 வினாடி. அதற்குள் பார்க்கணும், முடிவெடுக்கணும், பேட்டைக் கொண்டுவரணும். வயதானதில் ஒருவனுடைய வேகம் வெறும் 0.02 வினாடி குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பந்து 80 சென்டிமீட்டர் போய்விடும். 80 சென்டிமீட்டர்! பேட்டின் நீளமே அவ்வளவுதான் இருக்கும்.

முதலில் தேய்வது வேகமாகச் சுருங்கி விரியும் தசை. அடி பட்டால் ஆறும் நாளும் கூடிக்கொண்டே போகும். ஆனால் அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, அது சில வருஷம் இந்தத் தேய்மானத்தை மூடி மறைக்கும். பந்து போடுகிறவன் மணிக்கட்டைப் பார்த்தே என்ன வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் ஒரு நட்சத்திரத்தின் இறக்கம் வெளியே தெரியும்போது திடீரென்று வந்தமாதிரி இருக்கிறது. உண்மையில் அது உலோகக் களைப்பு மாதிரி. விரிசல் உள்ளே ரொம்ப நாளாக வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

பத்து வருஷக் கையெழுத்து

இனி அமெரிக்கா போவோம். அங்கே பேஸ்பால்தான் நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. அதில் ஆல்பர்ட் புஜோல்ஸ் என்று ஒருவர். 2001 முதல் 2011 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 445 ஹோம் ரன் அடித்தார். நம்ம சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி அது. 2006, 2011 என்று இரண்டு பட்டம். மூன்று தடவை அந்தப் பிரிவின் மிகச் சிறந்த வீரர் விருது.

2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் என்ற அணி அவரைப் பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலருக்கு எடுத்தது. அப்போது அவருக்கு 32 நிறையப் போகிறது. ஒப்பந்தம் முடியும்போது 41! சம்பளமோ ஏறுமுகம். முதல் வருஷம் 1 கோடியே 20 லட்சம் டாலர், கடைசி வருஷம் 3 கோடி டாலர். மெஷின் தேயத் தேய வாடகை கூடிக்கொண்டே போகிறது!

நடந்தது என்ன? கார்டினல்ஸில் ஆயிரம் முயற்சிக்கு 328 என்ற கணக்கில் வெற்றிகரமாக அடித்தவர், ஏஞ்சல்ஸில் 256 ஆகக் குறைந்தார். பாதத்திலும் முழங்காலிலும் வலி. அந்தப் பத்து வருஷத்தில் அணி ஒரே ஒரு தடவைதான், 2014இல், அடுத்த சுற்றுக்குப் போனது. அதிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2021 மே மாதம் ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை விடுவித்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒப்பந்தம் என்றால் உத்தரவாதம். ஆளை அனுப்பினாலும் பேசின காசைக் கொடுத்தே ஆகணும். கொடுத்தார்கள்.

கதை இதோடு முடியவில்லை. 2022இல் பழைய கார்டினல்ஸ் அணியே அவரை ஒரே ஒரு வருஷத்துக்கு 25 லட்சம் டாலருக்குக் கூப்பிட்டது. வயது 42. அந்த வருஷம் 24 ஹோம் ரன் அடித்து மொத்தம் 703க்குக் கொண்டுபோனார். 700ஐத் தாண்டிய நாலாவது ஆள் அவர். ஊரே எழுந்து நின்று கை தட்டியது. அதே ஆள்தான். ஒரு வருஷம் முன்பு 3 கோடி டாலர் சம்பளத்தில் 'பாரம்', இப்போது 25 லட்சத்தில் 'தெய்வம்'. ஆள் மாறவில்லை, விலையும் காலமும்தான் மாறின. நண்பர்களே, இந்த இடத்தை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தே ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்?

கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்களுக்கு வயதாகும் என்பது தெரியாதா? நல்லாத் தெரியும். காரணங்கள் உண்டு.

ஒன்று, முதல் நாலைந்து வருஷத்து வெற்றிக்காகக் கடைசி நாலைந்து வருஷத்து நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். தவணையில் டிராக்டர் வாங்குகிற மாதிரி. டிராக்டர் பழசானாலும் தவணை கட்டித்தானே ஆகணும்?

இரண்டு, அங்கே அணிகள் சம்பளத்தில் ஓர் எல்லையைத் தாண்டினால் வரி கட்டணும். அந்த வரியை ஒப்பந்தத்தின் வருஷ சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதே தொகையை அதிக வருஷத்துக்குப் பரப்பினால் சராசரி குறையும். ஆகவே காலத்தை இழுக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அங்கே ஒரு வீரன் பெரிய லீகுக்கு வந்து சுமார் ஆறு வருஷம் அணியின் பிடியில் இருக்கணும். முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். புஜோல்ஸ் 2001இல் 37 ஹோம் ரன் அடித்து சிறந்த புதுமுகம் ஆனபோது வாங்கியது 2 லட்சம் டாலர். உடம்பு உச்சத்தில் இருப்பது பொதுவாக 26 முதல் 30 வயது வரை. சந்தைக்கு வந்து விலை பேசும் உரிமை கிடைப்பது அதன் முடிவில். ஆக வயதான காலத்தில் கிடைக்கும் பெரிய சம்பளம் என்பது, இளவயதில் கொடுக்காமல் விட்ட பாக்கியும் சேர்ந்ததுதான். "உழைக்காமல் வாங்குறான்" என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்கணும்.

இந்த உரிமையும் சும்மா வரவில்லை. முன்பு ஒரு வீரனை ஓர் அணி தன் காலம் முழுக்கக் கட்டிவைக்கலாம் என்றே விதி இருந்தது. 1969இல் கர்ட் ஃபிளட் என்ற வீரர் "என்னைக் கேட்காமல் என்னை மாற்ற நீ யார்?" என்கிற ரீதியில் எதிர்த்து நின்றார்; 1970இல் வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் ஆட்ட வாழ்க்கையே போனது. ஆனால் வீரர்கள் சங்கம் விடவில்லை. 1966இல் அந்தச் சங்கத்துக்குத் தலைமையேற்ற மார்வின் மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு வீரர்கள் பக்கம் வந்தது. பத்து வருஷ ஒப்பந்தம், முழு உத்தரவாதம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாணவர் பேரவை மலரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

சேப்பாக்கத்துக் கணக்கு

நம்ம ஐ.பி.எல். ஏற்பாடு இதற்கு நேர் எதிர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம். ஏலத் தொகை என்பது ஒரு சீசனுக்கான சம்பளம். நடுவில் எந்த வருஷமும் அணி ஆளை விடுவித்துவிடலாம். அதாவது வயதாவதன் நஷ்டத்தைப் பெரும்பாலும் வீரனே சுமக்கிறான்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டு வருஷத் தடை முடிந்து வந்த சி.எஸ்.கே.யில் முப்பது தாண்டினவர்கள்தான் அதிகம். 'அப்பாக்களின் படை' என்று கேலி செய்தார்கள். அந்தப் படைதான் கோப்பையை வாங்கியது. ஷேன் வாட்சன், 36 வயது, இறுதி ஆட்டத்தில் 57 பந்தில் அவுட்டாகாமல் 117. அவர் விலை 4 கோடி. அம்பதி ராயுடு 602 ரன். விலை 2 கோடியே 20 லட்சம். ரகசியம் புரிகிறதா? வயதைப் பார்த்துச் சந்தை விலையைக் குறைத்தது. அந்தக் குறைந்த விலைக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓடக்கூடிய நல்ல மெஷினை வாங்கிப் போட்டார்கள்.

ஆனால் அதே படையோடு 2020க்கு வந்தபோது எல்லாருக்கும் இரண்டு வயது கூடிவிட்டது. வாட்சன் 11 ஆட்டத்தில் 299 ரன்னோடு ஓய்வு பெற்றார். 7 கோடியே 80 லட்சம் விலையுள்ள கேதார் ஜாதவ் 8 ஆட்டத்தில் 62 ரன். அணி ஏழாவது இடம். ஆடிய சீசன்களில் முதல்முறையாகப் பிளே ஆஃப் போகவில்லை.

2021இல் மறுபடி கோப்பை. 37 வயது டு பிளெஸ்ஸி 633 ரன், 24 வயது ருதுராஜ் 635 ரன். பழசும் புதுசும் சேர்ந்த கலவை. ஆனால் அதே அணியில் நம்ம 'சின்ன தல' ரெய்னா 12 ஆட்டத்தில் 160 ரன்தான். 2022 பிப்ரவரி ஏலத்தில் அவர் பெயர் 2 கோடி அடிப்படை விலைக்கு வந்தது. பத்து அணியில் ஒரு கையும் உயரவில்லை. 5,500 ரன்னுக்கு மேல் அடித்தவருக்கு ஒரு கைகூட இல்லை. அவருக்கு அப்போது வயது 35தான். புஜோல்ஸுக்கு அந்த வயதில் இன்னும் ஆறு வருஷச் சம்பளம் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

இப்போது தோனி விஷயத்துக்கு வருவோம். 2008இல் 6 கோடி. 2018இல் 15 கோடி. 2022இல் 12 கோடி. 2025இல் 4 கோடி. ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர்களை 'சர்வதேச அனுபவம் இல்லாதவர்' கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியால் அந்த விலை. புஜோல்ஸுக்கு வயதோடு சம்பளம் ஏறியது; தோனிக்கு வயதோடு இறங்கியது. 120 கோடி செலவழிக்கக்கூடிய அணிக்கு 4 கோடி ஒரு காசா? டிக்கெட், பனியன், விளம்பரம் என்று அதைவிடப் பல மடங்கு வந்துவிடும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதுதான்.

ஆகவே "இவ்வளவு காசா?" என்ற கேள்வி தப்பு. தோனி விஷயத்தில் செலவாவது காசு இல்லை, இடம். களத்தில் பதினோரு பேர்தான். 2024இல் அவர் கடைசி ஓவர்களில் மட்டும் வந்து 73 பந்தில் 161 ரன் அடித்தபோது அந்த இடத்துக்கு முழு நியாயம் இருந்தது. 2023 ஜூனில் அறுவை சிகிச்சை செய்த முழங்கால் அது. 2025இல் 14 ஆட்டத்தில் 196 ரன், 100 பந்துக்கு 135 என்ற வேகம். அந்த மார்ச்சில் சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் தோற்ற ஆட்டத்தில் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். பத்து ஓவர் ஓடி ஆட முழங்கால் இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஆளுக்குத் தகுந்தமாதிரி அணியின் திட்டத்தையே வளைக்க வேண்டியதாகிவிட்டது.

அதே வருஷம் நம்ம ஊர்க்காரர் அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தார்கள். 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த மேதை. வயது 38. ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து அவரே விலகிக்கொண்டார். அதே சீசன் பாதியில், 30 லட்சத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே ஏழு ஆட்டத்தில் 240 ரன். நம்மைவிட ஒரு வயசு சின்னவன்!

அணி பாடம் படித்ததா? 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜா! போகும்போது அவர் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. அடுத்த மாத ஏலத்தில் சர்வதேச ஆட்டமே ஆடாத இரண்டு இளம் வீரர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் இதே பாடம்தான். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்பவருக்கு 15 வருஷம், 76 கோடியே 50 லட்சம் டாலர் எழுதினார்கள். அவருக்கு அப்போது வயது 26. நீளமாக எழுதுவதானால் இளசுக்கு எழுது என்பது கணக்கு.

மூடைக்கு இவ்வளவு

இந்தக் கோடிகளை எழுதும்போது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வராமல் இல்லை. அவர் கமிஷன் கடையில் மூடை தூக்குகிறவர். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்.

இருபத்தஞ்சு வயதில் நூறு கிலோ மூடையை முதுகில் ஏற்றிப் பலகை வழியாக லாரிக்குள் ஓடுவாராம். இப்போது வயது ஐம்பது. ஐம்பது கிலோ மூடைக்கே இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டணும். கூலி மூடைக் கணக்கு. நூறு மூடை தூக்கினால் நூறு மூடைக் காசு, அறுபது தூக்கினால் அறுபது மூடைக் காசு. உடம்பு ஒரு பங்கு தேய்ந்தால் அன்று சாயங்காலமே கூலியில் ஒரு பங்கு தேயும். புஜோல்ஸின் ஒப்பந்தம் பத்து வருஷம். ரெய்னாவின் ஒப்பந்தம் ஒரு சீசன். எங்க அப்பாவின் ஒப்பந்தம் தோளில் மூடை ஏறியதிலிருந்து லாரியில் இறங்கும் வரை. அவ்வளவுதான் நீளம்.

அனுபவம் அவருக்கும் உண்டு. எந்த மூடையை எப்படி அடுக்கினால் வளைவில் லாரி சாயாது என்று அவருக்குத் தெரிந்தமாதிரி அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. ஆனால் மூடைக் கணக்கில் அனுபவத்துக்கு என்று தனியாக ஒரு பைசா கிடையாது. வயதான வீரனைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்கிறார்கள். வயதான சுமைக்காரரை யாரும் பயிற்சியாளர் ஆக்குவதில்லை.

ஒரு நல்ல செய்தி உண்டு. 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்படி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்து, காலா காலத்தில் புதுப்பித்து வந்தால் 60 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். தொகை பெரிசில்லை. ஆனால் "தேய்ந்த பிறகும் உனக்கு ஒரு பங்கு உண்டு" என்று ஒரு தாளாவது சொல்கிறதே! உங்கள் வீட்டிலும் கட்டட வேலை, சுமை வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் இந்த லீவில் அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாச்சா என்று கேளுங்கள். படித்த பிள்ளை செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.

நம்ம கையெழுத்து

இன்னும் சில மாதத்தில் கேம்பஸ் இன்டர்வியூ வரும். ஒரு தாளை நீட்டுவார்கள். சந்தோஷத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. நாலு கேள்வி கேளுங்கள்.

1. எத்தனை வருஷத்துக்கு? நடுவில் அனுப்பினால் என்ன கிடைக்கும்?

2. நான் அப்ரண்டிஸா, தொழிலாளியா? 1961ஆம் ஆண்டு சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. இரண்டுக்கும் உரிமையில் நிறைய வித்தியாசம் உண்டு.

3. பி.எஃப். பிடிப்பார்களா? பணிக்கொடை உண்டா? 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கும் ஒரு வருஷம் முடித்தால் பணிக்கொடை உண்டு.

4. இந்த வேலையில் என் உடம்பு மட்டும் தேயுமா, கூடவே ஏதாவது தொழிலும் கற்றுக்கொள்வேனா?

நாலாவது கேள்விக்குப் பதில் கம்பெனி சொல்லாது, நாமேதான் கண்டுபிடிக்கணும். வெறும் தசையை விற்றால் தசை தேயும்போது விலையும் தேயும். பந்து போடுகிறவன் மணிக்கட்டைப் படிக்கும் அறிவுதான் 36 வயது வாட்சனைக் காப்பாற்றியது. நமக்கு அந்த மணிக்கட்டு, டிராயிங் ஷீட்டும் மைக்ரோமீட்டரும்.

வயதாவது யாருடைய குற்றமும் இல்லை. அதன் நஷ்டத்தை யார் சுமப்பது என்பது மட்டும் தானாக நடப்பதில்லை. அதை ஒரு தாளில் யாரோ எழுதுகிறார்கள். எழுதும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும், தனியாக அல்ல, சேர்ந்து. கர்ட் ஃபிளட் தனியாக நின்று தோற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சங்கமாக நின்று ஜெயித்தார்கள்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், பேரையூர்